இருபத்தாறு வீட்டுச் சீம்பால்

செவப்பி எங்கள் சந்தின் நடுவில், என் வீட்டு வாசலுக்கு நேராகப் படுத்திருந்தது. கால்களை அடியில் மடித்து, கழுத்தை வளைத்து, தலையைத் தன் விலாவின் மேலேயே சாய்த்து வைத்திருந்தது. தூங்கும் கன்றுக்குட்டிதான் அப்படிப் படுக்கும். செவப்பி கன்று போட்டு முழுதாக ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் குடையை மடக்காமல் அப்படியே நின்றேன். கார்த்திகைத் தூறல். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற மேகம்தான் இருந்தது. மாட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

எனக்கு முதலில் உறைத்தது வாசனை. சந்து முழுவதும் வெல்லமும் ஏலக்காயும் மணத்தது. வீட்டுக்கு வீடு இட்லிப் பானையில் சீம்பால் வெந்துகொண்டிருந்தது. அந்தப் பாலைக் கொடுத்த மாடு தெருவில் எழ முடியாமல் கிடந்தது.

மாட்டுக்காரி காமாட்சி அதன் தலைமாட்டில் உட்கார்ந்து காதைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "தொட்டுப் பாருங்க டீச்சர்" என்றாள்.

தொட்டேன். மழையில் கிடந்த தோல் செருப்பைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது.

இல்லாத தாள்

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவர், "எல்லாவற்றையும் குறித்து வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள், ஒரு தேதியையும் சொல்வதில்லையே" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள். மழை எத்தனை நாழிகை பெய்தது, எந்தத் தெருவுக்கு என்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, கோயில் யானை எப்போது எங்கள் பக்கம் வந்தது என்பதுவரை முப்பது வருடங்களுக்கு மேல் டைரியில் எழுதியிருக்கிறேன். பக்கத்தைக் கிழிப்பது எனக்கு ஆகாது. தப்பாக எழுதினாலும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுத் தொடர்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்து டைரி ஒன்றில் மட்டும் ஒரு தாள் இல்லை. தாளின் ஒரு பக்கம் வியாழன், மறுபக்கம் வெள்ளி. தீபத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முந்தைய வாரம். இல்லாத தாளே தேதியைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதில் என்ன எழுதியிருந்தேன் என்பதைத்தான் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நினைவு சரியாகவே இருக்கிறது. மறந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செவப்பி வந்த கதை

அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று ஊரோடு ஒட்டிவிட்ட வேங்கிக்கால் அன்று ஊருக்கு வெளியே, ஏரியும் வயலுமாகக் கிடந்தது. தேரோடும் வீதிகளில் ஒன்றின் பின்னால் எங்கள் சந்து. குருக்கள் வீடு, தகரப் பெட்டி செய்யும் பாய் வீடு, தையற்காரர் வீடு எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். சந்தின் கோடியில் காமாட்சியின் வீடும் கொட்டகையும்.

காமாட்சியின் கணவர் முனுசாமி அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். இடுப்பில் அடிபட்ட பிறகு பாரம் தூக்க முடியவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது மாட்டினால்தான். முதலில் இருந்தது நாட்டு மாடு. அது கன்றுக்குக் கொடுத்தது போக, மனம் வந்தால் நமக்கும் கொஞ்சம் கொடுக்கும். மாட்டாஸ்பத்திரியில் அதற்குச் சினை ஊசி போட்டுப் பிறந்ததுதான் செவப்பி. ஜெர்சிக் கலப்பு. திமில் இல்லாத, செம்மண் நிற மாடு. அதன் மடியைப் பார்க்கவே முதலில் ஆட்கள் வந்தார்கள்.

"மாடு வெச்சிருக்கியா, குழாய் வெச்சிருக்கியா?" என்று தையற்காரர் கேட்பார்.

"உங்க வீட்டுக் குழாய்ல காத்துதானே வருது. எங்களுது அப்படியில்ல" என்பாள் காமாட்சி.

முதல் ஈத்து, இரண்டாம் ஈத்து இரண்டும் நல்லபடியாக நடந்தன. ஆனால் இரண்டாவது ஈத்தில் ஒரு தப்பு நேர்ந்தது. மாட்டுக்கு அல்ல, தெருவுக்கு.

விட்டுப்போன ஒரு வீடு

மாடு கன்று போட்டால் சீம்பாலை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். விற்கக் கூடாது. வாங்கிக்கொண்டவர்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. ஒரு பிடி அரிசியோ வெல்லமோ போட்டுத்தான் தருவார்கள். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதைத் தெரு கவனித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் ஈத்தில் காமாட்சி மூலைவீட்டுப் பட்டம்மாளை மறந்துவிட்டாள். நிஜமாகவே மறதிதான். பட்டம்மாள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பால் வாங்குவதை நிறுத்தினாள். குழாயடியில் காமாட்சியைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். "சீம்பாலுக்கு ஆகாத வீடு, பாலுக்கு மட்டும் ஆவுமா?" என்று காதில் விழும்படி சொல்வாள். அவள் பால் நிறுத்தியதைப் பார்த்து மேலும் இரண்டு வீடுகள் நிறுத்தின. ஒரு வருடத்துக்கு மேல் இந்த மௌனம் நீடித்தது.

ஆகவே மூன்றாம் ஈத்துக்குச் செவப்பி கன்று போட்ட வியாழக்கிழமை சாயங்காலம், காமாட்சி கையைக் கூடக் கழுவாமல் என் வீட்டுக்கு வந்தாள். மூன்றேகால் மணிக்குப் பிறந்தது என்றாள். கிடாரிக் கன்று. நஞ்சுக்கொடியும் தாமதிக்காமல் விழுந்துவிட்டது. முனுசாமி அதை வைக்கோலில் சுற்றி, கிரிவலப் பாதை ஆலமரத்தில் கட்டப் போயிருந்தார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் குறையாது என்பது நம்பிக்கை. மலை சுற்றுகிறவர்கள் அந்த மூட்டைகளை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை.

"டீச்சர், இந்தத் தடவ ஒரு வீடுகூட வுடக்கூடாது. நீங்கதான் எல்லாத்தையும் எழுதறவங்களாச்சே. பேர் எல்லாம் எழுதிக் குடுங்க. அவரு பாத்து அடிச்சிக்குவாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய பக்கத்தில் கன்று பிறந்த நேரத்தை அவள் சொன்னபோதே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே சந்தின் வலப்பக்கம், இடப்பக்கம் என்று வரிசையாக எழுதினேன். காமாட்சி சொன்னது பத்தொன்பது. நான் யோசித்து யோசித்து ஏழு சேர்த்தேன். பின்சந்து வாத்தியார் வீடு, புதிதாகக் குடிவந்தவர்கள், பால் வாங்காத வீடுகள்கூட. முதல் பெயர் குருக்கள் வீடு, இரண்டாவது பட்டம்மாள். இருபத்தாறாவதாக, மரியாதைக்குக் கடைசியாக, என் வீடு.

"கிழிச்சுக் குடுத்துடுங்க" என்றாள். கிழித்துக் கொடுத்தேன்.

பதினேழு வீடு முடிந்தது

இருபத்தாறு வீட்டுக்கு வேண்டும் என்றால் ஆழாக்கு ஆழாக்காகக் கறந்தால் போதாது. வியாழன் மாலை கன்று குடித்த பிறகு காமாட்சி மடியில் ஒன்றும் விடாமல் கறந்தாள். ஒன்பது வீடு முடிந்தது. வெள்ளி காலை மறுபடி சொட்டு வரும்வரை பீய்ச்சினாள். எட்டு வீடு. முனுசாமி அடுப்புக்கரியால் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தார். மீதி ஒன்பது வீடு வெள்ளி மாலைக்கு.

வெள்ளி மதியம் தண்ணீர் காட்ட வெளியே பிடித்து வந்தபோது செவப்பியின் பின்னங்கால்கள் பின்னின. குடித்தவனைப் போலத் தள்ளாடி, என் வாசல்வரை வந்து உட்கார்ந்துவிட்டது. களைப்பு, எழுந்துவிடும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். அதன்பின்தான் கழுத்து மடங்கியது.

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் ஒருவர். "ஜன்னி" என்றார் இன்னொருவர். குருக்கள் வீட்டு மாமி விபூதி கொடுத்தனுப்பியிருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டம்மாள் வந்தாள். ஒரு கையில் சொம்பு நிறைய சுக்குக் கஷாயம், இன்னொரு கையில் மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய். ஒரு வருடத்துக்குப் பிறகு காமாட்சியிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எழுந்து நில்லுடி. ஒப்பாரி வெக்கிறதுக்கு முன்னாடி இத ஆற வெச்சு ஊத்து."

"நான் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரேன். அதுவரைக்கும் எதுவும் கொடுக்காதீங்க" என்றேன். காரணம் தெரிந்து சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றுதான் சொன்னேன்.

பட்டம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சூடு ஆறவரைக்கும் டைம் தரேன் டீச்சர். அதுக்குள்ள வந்துடுங்க."

காதர் பாய் கேட்ட கேள்விகள்

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் தடுப்பூசி போடப் போயிருந்தார். கம்பவுண்டர் காதர் பாய் மட்டும் சிரிஞ்சுகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் குடும்பம் நவாபு காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிறது. ஊரில் எந்த மாடு எந்த வீட்டுது என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். செவப்பி எழ முடியாமல் கிடப்பதைச் சொன்னேன்.

"எப்ப போட்டுது கண்ணு?"

"நேத்து மூணேகால்."

"நஞ்சு?"

"அஞ்சு மணிக்குள்ள விழுந்துடுச்சு."

"சாணி போட்டுதா இன்னிக்கு?"

"காலையில போட்டதுதான்."

"காது?"

"ஐஸ் மாதிரி இருக்கு."

இதுவரை பாடம் ஒப்பிக்கும் மாணவி போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் கேட்டார்: "பால் எத்தினி வேளை கறந்தாங்க? பாதியா, முழுசா?"

"ரெண்டு வேளை. முழுசா."

"மொத நாளேவா? யாரும்மா சொன்னது அப்படிக் கறக்கச் சொல்லி?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தது நான். அதைச் சொன்னேன். காதர் பாய் திட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஈன்ன ஒடனே ஒடம்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்கு எறங்கிடும்மா. நாட்டு மாடு கம்மியா கறக்கும், தாங்கிக்கும். இந்த மாடு அள்ளிக் குடுத்துடும். நாம வேற வழிச்சு எடுத்துட்டா, நிக்கிறதுக்கே தெம்பு இருக்காது. பால் ஜொரம்னு பேரு. ஒடம்பு மட்டும் சுடாது." பாட்டிலைத் துண்டில் சுற்றினார். "மருந்து இருக்கு. நரம்புல ஏத்தறது டாக்டர் வேலை. கொஞ்சம் அவசரமா ஏத்துனா இருதயம் நின்னுடும். தோலுக்கடியில கொஞ்சம் நான் போட்டு வெக்கிறேன். நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. கீழ்பென்னாத்தூர் பஸ் அஞ்சரைக்கு வரும். அவரு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி புடிச்சுக்கினு வந்துடுங்க."

"கஷாயம் ஊத்தலாமான்னு கேட்டாங்க."

அவர் சைக்கிளில் ஏறியேவிட்டார். "முழுங்க முடியாத மாட்டுக்கு ஊத்துனா நேரா நெஞ்சுக்குப் போவும். அத்தோட முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். பட்டம்மாளின் சொம்பு ஆறுவதற்குள் அவர் போய்ச் சேர வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்றேன். அங்கே நின்றபோது, சேர்த்த ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவர்களில் யாரும் சீம்பால் வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். விடுபடாமல் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான்.

பாட்டிலும் கடிகாரமும்

டாக்டர் இளைஞர். முழங்கால்வரை சேறு. நான் சொல்லி முடிப்பதற்குள் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார்.

நாங்கள் போனபோது கஷாயச் சொம்பு என் வீட்டு ஜன்னலில், மூடியபடி, அப்படியே இருந்தது. செவப்பியை ஒருக்களித்துச் சாயவிடாமல் நெஞ்சின் மேல் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முனுசாமி கொண்டுவந்த வைக்கோல் சாக்குகள். மறுபக்கம், சேற்றில் காலை நீட்டி, மாட்டின் முதுகில் தன் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள் பட்டம்மாள்.

"சாஞ்சா வயிறு ஊதிக்கும்னு பாய் சொன்னாரு" என்றாள். "ஒரு மணி நேரமா நாந்தான் இதுக்குச் செவுரு."

மருந்துப் பாட்டில் சில்லென்று இருக்கக் கூடாது என்று காதர் பாய் வெந்நீர் கேட்டார். காமாட்சி தெருவிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். விறகு மழையில் நனைந்து புகைந்தது. இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துக் கொளுத்தி விறகுக்கு அடியில் வைத்தாள். இருபத்தாறு பெயர்களும் கருகிச் சுருண்டதைப் பார்த்தேன். நெருப்புப் பிடித்தது.

கார்த்திகை மாதம் என்பதால் வாசல்களில் அகல் ஏற்றும் நேரம். குருக்கள் வீட்டிலிருந்து பெட்ரோமாக்ஸ் வந்தது. டாக்டர் கழுத்து நரம்பைக் கட்டை விரலால் அழுத்திப் புடைக்கவைத்து ஊசியை ஏற்றினார். காதர் பாய் பாட்டிலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உங்ககிட்ட வாட்ச் இருக்கா? பதினஞ்சு நிமிஷம். அதுக்கு முன்னாடி பாட்டில் காலியாகக் கூடாது. நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லுங்க."

சொன்னேன். நான் நிமிடம் சொல்ல, காதர் பாய் பாட்டிலைக் கொஞ்சம் இறக்குவார், கொஞ்சம் ஏற்றுவார். டாக்டர் மாட்டின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நிமிடத்தில் ஒருமுறை "நிறுத்துங்க" என்றார். காதர் பாய் பாட்டிலைக் கீழே இறக்கினார். பிறகு "ம், விடுங்க" என்றார். காமாட்சி செவப்பியின் காதை விடவே இல்லை.

எட்டாம் நிமிடத்தில் தொடைச் சதை நடுங்கியது. பத்தில், வறண்டு கிடந்த மூக்கின் மேல் பொடிப்பொடியாக நீர் துளிர்த்தது. பன்னிரண்டில் செவப்பி நீளமாக ஒரு ஏப்பம் விட்டது.

"காது சூடாவுது டீச்சர்" என்றாள் காமாட்சி. 

பாட்டில் முடிந்து ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. தலையைத் திருப்பி, கொட்டகையிலிருந்து கத்திக்கொண்டிருந்த கன்றின் பக்கம் பார்த்தது. பின்பக்கத்தைத் தூக்கி, தடுமாறி, மறுபடி உட்கார்ந்து, இரண்டாம் முறை எழுந்தே நின்றது. நின்ற உடனே சாணி போட்டது. பட்டம்மாளுக்கு அங்கிருந்து நகர நேரம் கிடைக்கவில்லை.

"போடு தாயே, போடு. இதுக்குத்தானே உக்காந்து கெடந்தேன்" என்றாள் புடவையைப் பார்த்து. முனுசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மூணு நாளைக்குப் பாதி மடிதான் கறக்கணும். கன்னுக்குப் போக மிச்சம் மடியிலயே இருக்கட்டும்."

காமாட்சி தயங்கினாள். "சார், இன்னும் ஒம்போது வீடு பாக்கி..."

"மாடு வேணுமா, ஒம்போது வீடு வேணுமா?"

"அது என் பாடு" என்றாள் பட்டம்மாள். "நான் போய்ச் சொல்லிக்கிறேன். எவளாவது மூஞ்சியத் தூக்குனா எங்கிட்ட வரட்டும்." அந்தச் சேற்றுப் புடவையோடே கிளம்பினாள்.

நான் டாக்டரைத் தனியாகக் கேட்டேன், பட்டியல்தான் காரணமா என்று. "மூணாவது ஈத்து, பால் ஜாஸ்தி உள்ள மாடு. எப்படியும் வந்திருக்கலாம்" என்றார். பிறகு, பொய் சொல்ல வராதவர் போல, "முழுசா கறந்தது ஒரு தள்ளு தள்ளியிருக்கும்" என்றார். அந்த வாக்கியத்துக்கு நான் இன்றும் அவருக்கு நன்றி உள்ளவள். அதன் பிறகு நூலகத்தில் கால்நடை பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாவற்றிலும் அதே வாக்கியம்தான் வேறு வேறு விதமாக இருந்தது.

ஒரு டம்ளர்

அடுத்த ஈத்துக்கு முன்னால் காதர் பாயே இரண்டு முறை வந்து செவப்பியைப் பார்த்துவிட்டுப் போனார். அதுவும் ஒரு மழைநாளில்தான் கன்று போட்டது. யாரும் என்னிடம் பட்டியல் கேட்கவில்லை. நானும் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. முதல் நாள் எந்த வீட்டுக்கும் பாத்திரம் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. தெரு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கப் பட்டம்மாள் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை காமாட்சி வந்தாள். கையில் ஒரு சின்ன டம்ளர், மேலே ஒரு வாழை இலைத் துண்டு.

"போன தடவ உங்களுக்கு வந்து சேரல. இந்தத் தடவ மொத வீடு உங்களுதுதான்."

மஞ்சள் பாரித்த கெட்டிப் பால். இன்னும் மடிச்சூடு இருந்தது. டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தேன். டைரி அங்கேதான் திறந்து கிடந்தது. பழக்கம், கை பேனாவுக்குப் போயிற்று.

"வேணாம் டீச்சர்" என்றாள் காமாட்சி. "எழுதாதீங்க. ஒரு பேர் எழுதுனா, பின்னாடியே மத்த பேரும் வந்துடும்."

பேனாவை மூடினேன். பாலைக் கிண்ணத்தில் மாற்றி, டம்ளரைக் கழுவி, ஒரு வெல்லக்கட்டி போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாளின் பக்கம் டைரியில் பத்திரமாக இருக்கிறது. 'காலையில் தூறல். மலை தெரியவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.